ஆறாத கிண்ணம்

“கிண்ணம் இன்னும் சூடா இருக்கு சார், ஆறட்டுமே” என்றாள் அந்த மாணவி.

துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். செய்முறைத் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் பசி தாங்காதவர் என்று கேள்வி. தன்னுடைய பதவி உயர்வைத் தீர்மானிக்கும் குழுவில் அவரும் உண்டு என்பது கேள்வியல்ல, விசாரித்தே வைத்திருந்தார்.

“ஆறின வரைக்கும் போதும்மா. தராசுல வை” என்றார் தலைவர்.

வைத்தாள். சமையல் சோடாவைச் சூடாக்கினால் சிதைந்து, வாயுவும் நீராவியுமாகக் கொஞ்சம் போய்விடும். எவ்வளவு எடை போயிற்று என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் தேர்வு. கிண்ணம் சூடாக இருந்தால் தராசு எடையைக் குறைத்துக் காட்டும். ‘பிழைகள் வரும் வழிகள்’ என்று தலைவர் எழுதிச் சட்டம் போட்டு மாட்டிய பலகையில் முதல் வரியே அதுதான். மீதிப் பலகையை அவருடைய பட்டங்கள் அடைத்துக்கொண்டிருந்தன.

போக வேண்டியதைவிட அதிகம் போயிருக்கிறதே, கிண்ணத்தையும் சேர்த்துச் சிதைத்துவிட்டாயா என்று, அடுத்த மேசையை முடித்துவிட்டு வந்து எடையைப் பார்த்த வெளியூர்ப் பேராசிரியர் சிரித்தார். மரியாதைக்குத் தலைவரும் சிரித்து வைத்தார். அவள் சிரிக்கவில்லை. போன வருஷம் இதே தேர்வில் தோற்றவள். இந்தத் தடவையும் போனால் வீட்டோடு இரு என்று அண்ணன் சொல்லிவிட்டதைக் காலையில் தலைவரிடம்தான் சொல்லியிருந்தாள்.

“பிழை எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார் பேராசிரியர்.

அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் தன் பலகையை, யாரோ எழுதியதைப் போல, முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் சார் அவசரப்பட்டுட்டேன்.”

தப்பை ஒத்துக்கொள்கிற பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டே பேராசிரியர் தேறாத மதிப்பெண்ணைப் பென்சிலால் போட்டார். சாப்பிட்டு வந்து இரண்டு பேருமாகக் கையெழுத்துப் போடலாம் என்று கை கழுவப் போனார்.

தலைவரும் கிளம்பியிருப்பார். கால்தான் வரவில்லை. ஒரு வாக்கியம் போதும், அதையும் தானே எழுதி மாட்டியாயிற்று, வாய்விட்டுப் படித்தாலே போதும். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தராசில் கிண்ணம் அப்படியே இருந்தது. ஆற ஆற, தராசுத் திரையின் கடைசி இலக்கம் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது.

“வாங்க சார், சாப்பாடு ஆறிடப்போகுது” என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

தலைவர் வாயைத் திறந்தார். இலக்கம் இன்னொன்று ஏறியது.