முகம் திருப்பிய சிங்கம்

போப்பாண்டவர் இறந்தால் ரோம் நகரமே அழும். என் கணவர் ததேயோவுக்கு மட்டும் அழ நேரமிருக்காது. அடுத்தவர் வரும்வரை அடிக்கும் வெள்ளிக்காசில், அதுவரை நிர்வாகம் பார்க்கும் கர்தினாலின் குலச்சின்னம் இருக்க வேண்டும். அதற்கான அச்சை நான்கே நாளில் அவர் வெட்டித் தந்தாக வேண்டும்.

அச்சில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். எழுத்துகளை அப்படித்தான் வெட்டினார். போப் இல்லாத நாட்களின் அடையாளமான குடையும் சாவிகளும் பிசகில்லை. நான்காம் நாள் தூக்கக் கலக்கத்தில், குலச்சின்னக் கேடயத்துச் சிங்கத்தை மட்டும் படத்தில் இருந்தபடியே வெட்டிவிட்டார். அச்சுக்கு மெருகு போட்டவள் நான்தான். என் கண்ணும் அவிந்துபோயிருந்தது.

நாற்பது காசு அடித்த பிறகுதான் கவனித்தேன்.

"ஏங்க, சிங்கம் எந்தப் பக்கம் பாக்குது?"

வாங்கிப் பார்த்தார். "போச்சு எர்சிலியா, என் கை போச்சு" என்றார்.

சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊரில் கேடயத்துச் சிங்கம் முகம் திருப்பினால், அந்தக் குடும்பம் போரில் புறமுதுகு காட்டியது என்று அர்த்தம். ஒரு பிரபுவின் வாசலில் அப்படி வரைந்த ஓவியனின் விரல்களை வெட்டியே விட்டார்கள்.

முப்பத்தொன்பது காசுகளை உடனே உருக்கினோம். மிச்சம் ஒன்றை என்ன செய்வது? முதல் காசு கர்தினாலின் பார்வைக்குப் போவது வழக்கம். கர்தினால்களோ புதிய போப்பைத் தேர்ந்தெடுப்பதற்காக உள்ளே பூட்டப்பட்டிருந்தார்கள். சாப்பாடு அனுப்பும் சுழல் சன்னல் வழியாக, அவருடைய புறா வறுவலோடு அது காலையிலேயே உள்ளே போயிருந்தது.

ஊரைவிட்டு ஓடிவிடலாம் என்றேன். இந்தக் கையைத் தவிர தனக்கு வேறு பிழைப்பு ஏது என்று அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன், பிறகு அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் மணிகள் அடித்தன. புதியவர் கிடைத்துவிட்டார்! இனி எங்கள் கர்தினால் பத்தோடு பதினொன்று, அவர் பேச்சு நாணயச்சாலையில் எடுபடாது. புதியவர் வந்ததும் பழைய அச்சை உடைப்பது முறை. ததேயோ சம்மட்டியை எடுத்து மூன்றே அடியில் உடைத்தார். நான் சிரித்தேன், வெட்கமில்லாமல் சத்தமாக.

சிரிப்பு அடங்கும் முன்பே நாணயச்சாலைத் தலைவர் பொனிஃபாசியோ மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஜெயிச்சது யாருன்னு தெரியுமாய்யா? நம்ம கர்தினாலேதான்."

ததேயோவின் கையிலிருந்த சம்மட்டி காலடியில் விழுந்தது.

"அந்தக் காச உள்ளங்கையில வச்சுக்கிட்டே வெளிய வந்தாரு. வெட்டினவன் யாருன்னு கேட்டாரு. உன் பேரச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?" என்று நான்தான் கேட்டேன்.

"இன்னைக்கு வேற வழியில்லாம என்னத் தேர்ந்தெடுக்குற வரைக்கும் உள்ள ஒருத்தன் விடாம எல்லாரும் எனக்குக் கும்பிடு போட்டுக்கிட்டே மூஞ்சியத் திருப்பிக்கிட்டானுங்க, என் சிங்கமும் அதத்தான் செஞ்சிருக்குன்னாரு. சிரிச்சாரா கோவப்பட்டாரான்னு எனக்கே புரியல. புதுக் காசுலயும் அது அப்படியே இருக்கணுமாம், பாக்கும்போதெல்லாம் ஞாபகம் வரணுமாம். நேரா வெட்டினா கை இருக்காதுன்னு சொல்லச் சொன்னாரு."

குடை போட்ட அந்த ஒற்றைக் காசு புதிய போப்பிடமே தங்கிவிட்டது. ததேயோ அன்றே புது அச்சுக்கு உட்கார்ந்தார். முப்பது வருடம் பழகிய கை, சிங்கத்தைச் சரியாக வெட்டவே இழுத்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் உளியை நிறுத்தி என்னைக் கேட்டார்.

"எர்சிலியா, தப்பா இருக்கா பாரு."