எண்பத்தேழு மார்க் வாங்கிய மென்பொருள்

கொச்சி கார்ப்பரேஷனில் தெருவிளக்கு மாற்றுகிற மாரிச்செல்வம் 2007-ஆம் ஆண்டு கொள்கைக்காரன் ஆனான். எர்ணாகுளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டற்ற மென்பொருள் கூட்டத்துக்குப் போய் வந்தவன், மட்டாஞ்சேரி வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸை வழித்தெடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டான். இனி இந்த வீட்டுக்குள் விண்டோஸ் காலடி வைக்காது என்று அறிவித்தான். அதைக் கேட்டது அவன் மனைவி பாக்கியலக்ஷ்மியும் ஜன்னலில் படுத்திருந்த பூனையும்தான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். இதையெல்லாம் அவனே பிற்பாடு சாயாக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறான். நாம் எதையும் கூட்டவில்லை.

கொள்கை ஒரு மாதம் நிம்மதியாக இருந்தது. பிறகு பாக்கியலக்ஷ்மிக்கு வேலை வந்தது. பக்கத்துத் தெருவில் அச்சகம் வைத்திருக்கும் அனந்தநாராயணன், ஒரு கோயில் வெள்ளிவிழா மலரின் கையெழுத்துப் பிரதியை அவளிடம் கொடுத்தார். ஒரு மாதத்தில் பிழையில்லாமல் தமிழில் அடித்துக் கொடுத்தால், இனி அச்சகத்துத் தமிழ் வேலை முழுக்க அவளுக்குத்தான் என்றார். அவள் தென்காசியில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். கல்யாணமாகி இங்கே வந்த ஆறு வருஷத்தில் அந்தச் சான்றிதழைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர். அந்தக் காகிதக் கட்டை அவள் வீடு வரைக்கும் மார்போடு அணைத்துக்கொண்டே வந்தாள்.

ஒரே ஒரு சிக்கல். அச்சகத்தின் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் விண்டோஸில் மட்டுந்தான் ஓடும்.

"ஏங்க, பழையபடி அதையே போட்டுக் குடுத்துருங்களேன்" என்றாள்.

"அது மாத்ரம் பற்றில்ல, முடியவே முடியாது" என்றான் மாரிச்செல்வம். கொள்கை பேசும்போது அவனுக்கு மலையாளம்தான் முதலில் வரும். "வேற வழி இருக்கு. லினக்ஸுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி பாவனை காட்ற சாப்ட்வேர் இருக்கு. விண்டோஸை அதுக்குள்ள அடைச்சுப் போட்டுடலாம். வீட்டுக்குள்ள வந்த மாதிரியும் ஆகாது."

"எதுவோ ஒண்ணு. நாளைக்கே போட்டுருங்க."

நாளைக்கே போடுவதற்கு அவன் என்ன சாதாரண ஆளா? க்யூஎம்யூ, விஎம்வேர், வர்ச்சுவல்பாக்ஸ் என்று மூன்று இருந்தன. நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டான். வேகம், நினைவகம், உரிமம், ஃப்ளாப்பி, ஒலி என்று பதினொரு தலைப்பு. தட்டச்சு செய்ய ஒலி எதற்கு என்று பாக்கியலக்ஷ்மி கேட்டாள். அவன் அந்த வரியை அடிக்கோடிட்டான். டூட்டி முடிந்ததும் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, பின்லாந்துக்காரனும் பிரேசில்காரனும் போட்டுக்கொண்ட சண்டைகளையெல்லாம் படித்து, அதற்கும் மார்க் போட்டான். வர்ச்சுவல்பாக்ஸ் எண்பத்தேழு, விஎம்வேர் எண்பத்தாறு. அந்த ஒரு மார்க் நியாயமானதுதானா என்று மேலும் இரண்டு நாள் யோசித்தான். பதினேழு நாள் போயிருந்தது.

மிச்சமிருந்த பதின்மூன்று நாளில் பாக்கியலக்ஷ்மி சோற்றை வடித்த கையோடு உட்கார்ந்து அடித்தாள். ஜன்னலுக்குள் ஜன்னலாக விண்டோஸ் ஓடியது. வந்தவர்களிடமெல்லாம் மாரிச்செல்வம் அதைக் காட்டினான். அவள் என்ன அடிக்கிறாள் என்று எட்டிப் பார்க்கவில்லை. அவன் படித்தது மலையாளம் மீடியம், தமிழ் எழுத்து அவனுக்கு பஸ் போர்டோடு சரி.

இருபத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கொச்சங்காடி சுக்குக் கிடங்கில் கணக்கெழுதும் சஜி வந்தான்.

"வைரஸ் வந்நாலோ, சேட்டா?"

"வரட்டும்டா! போட்ட முதல்நாள் இருந்தபடி இதை ஒரு படம் பிடிச்சு வெச்சிருக்கேன். எது நடந்தாலும் ஒரு கிளிக். நடந்தது எதுவுமே நடக்காத மாதிரி ஆயிரும். பாரு."

கிளிக் செய்தான். விண்டோஸ் அணைந்து, மறுபடி பளிச்சென்று எழுந்தது. முதல்நாள் இருந்தபடியே இருந்தது. அதாவது, மலர் அதில் இல்லை.

"அடிபொளி!" என்று கைதட்டினான் சஜி.

மாரிச்செல்வம் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தான். தேடினான். குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தான்; அதுவும் முதல்நாள் போலவே துப்புரவாக இருந்தது. பதினொரு தலைப்பிலும் முழு மார்க் வாங்கத் தகுதியான முட்டாள் தான்தான் என்று அப்போது அவனுக்குத் தெரிந்தது. அவளிடம் சொல்ல நாக்கு எழாது. அவள் வருவதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினான்.

"சாமி, தப்பு என்மேலதான். அவ ராப்பகலா அடிச்சா. நான் ஒரு கிளிக்குல அழிச்சுட்டேன். இன்னும் பதினஞ்சு நாள் குடுங்க. வேலையை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றான்.

அனந்தநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். "எதை அழிச்சீர்? இதோ, ப்ரூஃபே பார்த்துண்டிருக்கேன். உம்ம சம்சாரம் தினம் சாயங்காலம் ஃப்ளாப்பியில கொண்டுவந்து குடுத்துட்டுப் போறாளே! இன்னைக்குக் காலம்பற அடிச்சது மட்டுந்தான் பாக்கி."

"வேலை..?"

"அவளுக்குத்தான். திங்கக்கிழமையிலேர்ந்து இங்கேயே வந்து அடிக்கறேன்னு அவளாத்தான் கேட்டா. வீட்டு மெஷின் வேண்டாமாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் மாரிச்செல்வத்துக்குச் சந்தோஷம் பொங்கியது. கூடவே எங்கோ சுருக்கென்றும் இருந்தது. கிளிக்கை மறைத்துவிடலாமா என்றும் ஒரு கணம் நினைத்தான். ஆனால் அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"ஏன் பாக்கியம், அந்த சாப்ட்வேர் மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லையா? பதினேழு நாள் பாத்துப் பாத்து எடுத்தேனே."

"அத நம்பினேங்க" என்றாள் அவள். "உங்களத்தான் நம்பல."

பிறகு காகிதக் கட்டைப் பிரித்து, இன்றைய நாலு பக்கத்தை எடுத்து வைத்தாள். நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிங்க" என்றாள்.

எழுந்து இடம் விட்டான்.