தியாகேசனுக்கு ஒரு கேசட்

என் கணவர் தியாகேசன் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் டிவி கேமுக்குள் போனார். கை கழுவிவிட்டுத்தான் போனார்.

எங்கள் குடியிருப்பில் இது நடப்பதுதான். கீழ்வீட்டு டெய்லர் ஒரு கார் பந்தயத்துக்குள் இருக்கிறார். பொங்கலுக்கு வந்து போவார். யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

இவருக்குக் கேசட் சரியாக அமையவில்லை. எங்கள் பழைய கேம் பெட்டியில் அன்று சொருகியிருந்தது டாங்கிச் சண்டை. இவர் மாநகராட்சிப் பூங்காவில் செடிகளைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். டாங்கியோடு பழக்கமில்லை.

அந்த ஆட்டத்தில் ஓர் ஆளுக்கு மூன்று உயிர். முதல் டாங்கி வந்தபோது ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். ஓர் உயிர் போனது. இரண்டாவது டாங்கியை நிறுத்தி வழி கேட்டார். இன்னொன்றும் போனது.

நான் பொத்தானை அழுத்தி அவரை இடது பக்கம் திருப்பப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி அவர் எந்தப் பக்கமும் திரும்பியதில்லை. இப்போதும் திரும்பவில்லை. மூன்றாவது டாங்கி வந்தது. ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்தினேன். அவர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

பெட்டியை அணைத்தால் அவரும் அணைந்துவிடுவார். அப்படியே விட்டால் கால் வலிக்கும்.

எதிர்வீட்டு ஏகாம்பரம் சாரைக் கூப்பிட்டேன். மனைவி இறந்த பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டெபிலைசர் ஆகிவிட்டார். மார்பில் வோல்டேஜ் காட்டும் ஒரு முள் ஆடும். பேசாத நேரத்தில் மெல்ல உறுமுவார். நல்ல மனிதர். டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, பெட்டியின் ஒயரை அவர் கையில் கொடுத்தேன்.

"கரண்ட் போயிட்டா என்ன சார் பண்றது?"

"போனா போவட்டும்மா. கொஞ்ச நேரம் நான் தாங்குவேன்."

"எவ்ளோ நேரம்?"

"அது மனசைப் பொறுத்தது."

பழைய கேம் பெட்டிகளுக்குக் கேசட் செய்யும் லூர்துமேரியைத் தேடி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கட்டடத்தின் மாடியில் நீளமான நடை. நடக்க நடக்க அது இன்னும் நீண்டது. கடைகள் போதாமல், கடந்து வந்த கடைகளே மறுபடி வந்தன. ஒரு ரிமோட் கடைக்காரர் என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"லூர்து கடையாம்மா? அவசரப்படாதீங்க. அவசரப்பட்டா வராது."

அவசரப்படாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. சுவரில் சாய்ந்து நின்றேன். நின்ற இடம்தான் கடை.

லூர்துமேரி என்னைவிட இளையவள். அந்தக் காலத்து கேம் பெட்டிகளைச் செய்த கம்பெனிகளே அவற்றை மறந்துவிட்டன. லூர்துமேரி மறக்கவில்லை. கடையில் வாங்கும் கேசட்டில் ஆட்டம் உள்ளேயே இறுகிக் கிடக்கும். மாற்ற முடியாது. இவள் கையால் செய்வது வெறும் கேசட். அதில் நாமே ஓர் ஆட்டத்தை எழுதலாம். ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

அவள் மேசையில் ஒரு சின்ன டிவி இருந்தது. அதில் பாவாடை கட்டிய ஒரு பெண் பள்ளங்களைத் தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றேன்.

"என் தங்கச்சி."

"வெளிய கூப்பிடலியா?"

"கூப்ட்டேன். இன்னும் ஒரே ஒரு பள்ளம்தான் பாக்கிங்கறா. ரொம்ப நாளா அதையேதான் சொல்றா." லூர்து பற்றவைக்கும் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்கு உள்ள யாரு, அக்கா?"

"வீட்டுக்காரர்."

"எத்தினி உயிர் மிச்சம்?"

"ஒண்ணு."

அவள் கம்பியைக் கீழே வைத்தாள்.

"டாங்கி இல்லாத ஆட்டம் வேணும்," என்றேன்.

"எழுதிக்கலாம். ஆனா இடம் கம்மி. ஒரு ஆளு, ஒரு மரம், கொஞ்சம் வானம். கூட ஏதாவது பொடிசா வேணா வைக்கலாம்."

"அவருக்கு அது தாராளம். ஆனா எனக்கு எழுதத் தெரியாதே."

"அவரத் தெரியுமில்ல? சொல்லுங்க. நான் அடிக்கிறேன்."

சொன்னேன். வெள்ளை அரைக்கைச் சட்டை. லேசான கூன். நிற்கும்போது பின்னால் கை கட்டிக்கொள்வார். அவள் கீபோர்டில் தட்டிக்கொண்டே வந்தாள். முகத்தில் நின்றாள்.

"மூஞ்சிக்குப் புள்ளி பத்தல. மீசை வைக்கட்டா, கண்ணாடி வைக்கட்டா? ஏதாவது ஒண்ணுதான்."

இது எளிதாக இல்லை. அப்பாவின் காரியத்துக்குக்கூட மீசையை எடுக்காதவர் அவர். கண்ணாடி இல்லாமல் உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாதவர்.

"மீசை," என்றேன். "ஆனா கண்ணாடி இல்லன்னா எதிர்ல யார் வர்றாங்கன்னு அவருக்குத் தெரியாதே."

"ஆட்டத்துல ஏதோ வருதுன்னுதான் தெரியும்க்கா. மேல பட்டாதான் யாருன்னு தெரியும்."

எழுதியதைக் கேசட்டில் ஏற்றி, இன்னொரு டிவியில் ஓட்டிக் காட்டினாள். வானம் வந்தது. மரம் வந்தது. அவர் வந்தார். வந்த வேகத்தில் நேராகக் கீழே விழுந்து திரைக்கு வெளியே போய்விட்டார். நான் கத்திவிட்டேன்.

"பயப்படாதீங்க, இது வெறும் படம்தான். நீங்க தரை சொல்லல."

"தரையெல்லாமா சொல்லணும்?"

"எல்லாம் சொல்லணும்."

புல்தரை சொன்னேன். அழித்து எழுதினாள். இப்போது விழவில்லை. பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றார். அச்சு அசல் அவரேதான். ஆனால் ஆட்டம் தொடங்கவில்லை. திரை அப்படியே உறைந்து நின்றது.

"எதிரி கேக்குது," என்றாள் லூர்து.

"எதிரி வேணாம்னுதானே வந்தேன்."

"பொட்டி ஒத்துக்காதுக்கா. ஒருத்தராவது எதிர்ல வரணும். யாரப் போடட்டும்?"

அவருக்கு ஆகாதவர்களை யோசித்தேன். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் உண்டு. அவரும் இப்போது தளர்ந்துவிட்டார். பூங்காவில் ஆடு மேய்க்க வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் இவர் கடைசியில் டீ வாங்கிக் கொடுத்துவிடுவார்.

"என்னைப் போடுங்க," என்றேன்.

லூர்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "எதிரி மேல பட்டா ஏதாவது நடக்கணும். சாதாரணமா உயிர் போவும்."

"போகணும்னு கட்டாயமா?"

"கட்டாயமில்ல. எது வேணா நடக்கலாம். என்ன நடக்கணும்?"

அவரும் நானும் சேர்ந்து கடைசியாக என்ன செய்தோம் என்று யோசித்தேன். அவர் கூடத்தில் இருப்பார். நான் சமையலறையில் இருப்பேன்.

"உட்காரட்டும்," என்றேன். "பட்டதும் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்காரட்டும்."

அவள் அடித்தாள். "வேகம்?"

"மெதுவா. எனக்கு முட்டிவலி."

வீட்டுக்கு வந்தபோது ஏகாம்பரம் சார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தியாகேசனின் தூக்கிய கால் லேசாக நடுங்கியது. சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு கேசட்டை உருவி இன்னொன்றைச் சொருகும் வரை இவரை அவர்தான் தாங்க வேண்டும்.

"எடுங்கம்மா," என்றார்.

டாங்கிக் கேசட்டை உருவினேன். திரை இருண்டது. சாரின் மார்பில் முள் ஒரேயடியாகச் சாய்ந்தது. உறுமல் கூடியது. புதுக் கேசட்டைச் சொருகினேன். ஒன்றும் வரவில்லை. எடுத்து, வாயில் ஊதி, மறுபடி சொருகினேன். வரவில்லை.

"பத்மாசினி," என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் சார். "கனமா இருக்காரும்மா."

"விட்டுடாதீங்க சார்."

"ஒரு தரம் அவள விட்டிருக்கேன். இன்னொரு தரம் முடியாது." முகம் முழுக்க வியர்த்திருந்தது.

முந்தானையால் கேசட்டின் அடியில் இருந்த உலோகப் பல்லைத் துடைத்து, கடைசியாகச் சொருகினேன். வானம் வந்தது. நீலம். புல் வந்தது. மரம் வந்தது. மரத்தடியில் மீசையோடு அவர்.

தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தார். தரை இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். இருந்தது.

அப்போது வலது ஓரத்திலிருந்து நான் வந்தேன். பச்சைப் புடவை. லேசாக நொண்டி நொண்டி நடந்தேன்.

அவர் பார்த்தார். இன்னொரு டாங்கி என்றுதான் நினைத்திருப்பார். ஓடினார். இடது ஓரத்தில் மறைந்து வலது ஓரத்தில் வெளிப்பட்டார். இப்போது அவர் எனக்குப் பின்னால் இருந்தார். அதைப் பார்த்ததும் மறுபடி ஓடினார். திரையில் இருந்த நான் அவசரப்படவில்லை. இங்கே இருந்த எனக்குத்தான் அவசரம். பொத்தானை அழுத்தலாமா என்று நினைத்தேன். அழுத்தி என்ன? திரும்ப மாட்டார். பொத்தான் இருந்த பிடியைக் கீழே வைத்தேன்.

சுற்றிச் சுற்றி ஓடியவர் மரத்தருகே வந்ததும் நின்றார். அடிமரத்தைத் தொட்டார். அண்ணாந்து இலைகளைப் பார்த்தார். குனிந்து வேரடி மண்ணைக் கிளறினார். துரத்தப்படுவதை மறந்துவிட்டார். எந்த மரத்தைக் கண்டாலும் அவருக்கு அப்படித்தான்.

நான் மெதுவாக வந்து அவர் தோளில் பட்டேன்.

அவர் கண்ணை இறுக்கிக்கொண்டார். கண் இல்லை. ஆனாலும் இறுக்கிக்கொண்டது தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் சாருக்குக் காபி போட அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன். பிறகு அவர் மீசை அசைந்தது. ஏதோ சொன்னார். திரையில் இருந்தவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டிவியின் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, இருவருக்கும் நடுவில் இடம் விட்டாள். புல்லைக் கையால் தட்டிக் காட்டினாள்.

நான் ஏகாம்பரம் சாரைப் பார்த்தேன்.

"போயிட்டு வாம்மா," என்றார். "நான் இங்கதான இருக்கேன்."

எழுந்து போய், பால் வைத்த அடுப்பை அணைத்துவிட்டு, டிவிக்குள் போகத் திரும்பி வந்தேன்.