இரண்டு டிக்

வீட்டு ரவுட்டர் செய்யும் கம்பெனியில், பெட்டி விற்பனைக்குப் போகும்போதே எந்த வசதி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவள் வேலை. வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்த செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆக, அவள் வைத்ததுதான் சட்டம்.

அந்த மகராசிதான் ஆறு மாதம் முன்பு தன் அப்பா வீட்டு ரவுட்டரையும் தன் கையாலேயே அமைத்தாள். இணைய நெரிசலை ஒழுங்குபடுத்தும் வசதிக்கு ஒரு டிக். வேகத்தைக் கூட்டும் ஹார்டுவேர் குறுக்குவழிக்கு ஒரு டிக். இரண்டும் நல்லதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. தெருவில் அவர் வாயில் விழாதவர் கிடையாது. பக்கவாதத்துக்குப் பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன, ஆனாலும் வந்தன. வீடியோ காலில்தான் வரவர வாயடைத்துப் போனார். அவள் ஒன்று கேட்பாள், பதில் வராது, இன்னொன்று கேட்பாள், அதற்குள் முதல் பதில் வந்து மோதும். கடைசியில் அவர் தலையை மட்டும் ஆட்டத் தொடங்கினார். பேச்சே போய்க்கொண்டிருக்கிறதோ என்று பயந்தாள். லீவு போட்டுவிட்டு ஊருக்கு ஓடினாள்.

கதவைத் திறந்த அப்பா, "வா... ரொம்ப... இளைச்சுட்ட" என்றார். மெதுவாக, ஆனால் முழுசாக.

"போன்ல மட்டும் ஏம்ப்பா பேச மாட்டேங்கறீங்க?"

"நான்... ஆரம்பிக்கறதுக்குள்ள... நீ அடுத்தத கேக்கற. நாக்கு... மெதுவாயிடுச்சு. உன்னச் சொல்லி... குத்தமில்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. பக்கத்து அறையில், கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி, மூட்டை மூட்டையாக ஃபைல்களை அதே இணைப்பில் அனுப்பிக்கொண்டிருந்தான். ரவுட்டர் பக்கத்தைத் திறந்தாள். ஒழுங்குபடுத்தும் வசதி, தம்பியின் மூட்டைகளை நிறுத்திவைத்து அப்பாவின் சின்னச் சொல்லை முன்னால் விட வேண்டும். ஆனால் குறுக்குவழி திறந்திருந்தால் எல்லாம் அதன் வழியே பாய்ந்து, ஒழுங்குபடுத்தும் வசதியின் கண்ணில் எதுவுமே படாமல் போய்விடும். ஆறு மாதமாக அப்பாவின் வார்த்தைகள் மூட்டைகளுக்குப் பின்னால் கால்கடுக்க நின்றிருக்கின்றன. இந்தத் தொழிலிலேயே ஊறியவள் செய்த காரியம் இது!

குறுக்குவழி டிக்கை எடுத்தாள். "அப்பா, தப்பு உங்க நாக்குல இல்ல. நான் போட்ட டிக்குல."

அவர் நம்பவில்லை. தன்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நினைத்துச் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்புதான் அவளை அழவைத்தது.

திரும்பி வந்ததும், புது மாடலுக்கு ஒழுங்குபடுத்துவதைப் போட்டு, குறுக்குவழியை அணைத்துக் கொடுத்தாள். ஒன்றைப் போட்டால் மற்றது தானாக அணையும்படியும் செய்தாள். மேனேஜர் குதித்தார். "வேகம் குறையும்மா! அட்டைப்பெட்டி மேல போடற ஸ்பீடு நம்பர் என்னாகறது?"

"குறையட்டும் சார். நம்பர் வேணுங்கறவங்க உள்ள போய் மாத்திப்பாங்க. மத்தவங்களுக்கு மாத்தத் தெரியாது. தங்கிட்டதான் குறைன்னு நினைச்சுப்பாங்க."

அவள் குரலில் என்ன கேட்டாரோ, மனிதர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் அப்பாவை வீடியோ காலில் கூப்பிட்டாள். பின்னால் தம்பி வழக்கம்போல அனுப்பிக்கொண்டுதான் இருந்தான். "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

அப்பா திரையைக் கூர்ந்து பார்த்தார்.

"மூணு நாளா... தலையே வாரலையா? குருவி... கூடு கட்டிடப் போகுது."