அடைக்கக் கூடாத துளைகள்

சமையலறைச் சுவரிலிருந்து பெட்டி போல வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடி ஜன்னல்தான் வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம். மூன்று பக்கமும் கண்ணாடி, மேலேயும் கண்ணாடி. உள்ளே புதினா, கற்றாழை, பெயர் தெரியாத ஒரு கொடி. மற்ற அறைகளில் ஒரு நாற்காலியை நகர்த்துவதென்றாலும் மாமனாரைக் கேட்க வேண்டும்.

அந்த ஜன்னலுக்குத்தான் கேடுகாலம் வந்தது. மழை பெய்தால் அடிச்சட்டத்தில் தண்ணீர் தேங்கியது. பலகை ஊறி உப்பியது. செடிகளின் வேர் அழுகியது. மாமனாரோ குடிநீர்க் குழாய்களில் கசிவு அடைத்தே ஓய்வு பெற்றவர். ஓட்டையைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. சிலிக்கான் டியூபும் கையுமாகக் கண்ணில் பட்டதையெல்லாம் அடைத்தார். அடைக்க அடைக்கத் தண்ணீர் கூடியது.

கடைசியில் பொறுமை போய், "பேசாம இதை எடுத்துட்டு செங்கல் வச்சுப் பூசிடலாம். நாளைக்குக் கொத்தனார் வர்றார்" என்று சொல்லிவிட்டார்.

அவள், "நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கணவனைக் கேட்டாள்.

"அப்பா விஷயத்துல என்னை மாட்டி விடாதே, தாயே" என்று அவன் செருப்பைத் தேடினான்.

மறுநாள் காலை தொட்டிகளை இறக்கிவிட்டுச் சட்டத்தைத் துடைத்தபோதுதான் பார்த்தாள். சிலிக்கானுக்கு அடியில் ஒரே அளவில் இரண்டு துளைகள். தானாக விழுந்த ஓட்டை இவ்வளவு லட்சணமாக இருக்குமா? உள்ளே வரும் தண்ணீர் வெளியேறட்டும் என்றே வைத்த வழி அது. சொன்னால் வீடு இரண்டுபடும். அவள் கத்தியை எடுத்துச் சிலிக்கானைக் கீறிவிட்டாள்.

சட்டத்துக்குள் தேங்கிக் கிடந்த அழுக்குத் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே கொட்டியது. ஜன்னலுக்கு அடியில் குனிந்து கொத்தனாருக்குச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்த மாமனாரின் வழுக்கைத் தலை மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது.

"யாரது?"

"நான்தான் மாமா. அந்த ஓட்டை தண்ணி வெளிய போறதுக்குன்னே வச்சது. அதை அடைக்கக் கூடாது மாமா." கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஆனாலும் சொல்லி முடித்தாள்.

அவர் உள்ளே வந்து துளையை விரலால் தடவிப் பார்த்தார். காதுமடல் சிவந்துவிட்டது. "அப்ப உள்ள வர்ற தண்ணி எங்கேருந்து வருதாம்?" என்று முறைத்தார்.

"மேல பாருங்க. கண்ணாடியும் சுவரும் சேர்ற இடத்துல வெடிச்சிருக்கு."

கொத்தனார் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். "உங்களுக்கு வேலை இல்லை, போங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, மாமனார் வெளியே ஏணியைச் சாத்தி ஏறினார். அவள் ஓடிப் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

டியூபின் முனையை விரிசலில் வைத்தவர் அழுத்தவில்லை. அந்த வீட்டில் யாரையும் எதுவும் கேட்டறியாத மனிதர், குனிந்து அவளைப் பார்த்தார்.

"இதை அடைக்கலாமாம்மா?"