தையல் மேசைத் தேக்கு

புத்தூரில் ஷஹனாஸ் நடத்தும் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியும் கலர் விளக்கும் வைத்த கம்ப்யூட்டர் பெட்டிகளைத்தான் கேட்பார்கள். ஸ்ரீரங்கத்து ஜெயக்குமார் ஒருவன்தான், "மேடம், முன்பக்கமும் ரெண்டு சைடும் மரத்துல வேணும். மரம் நானே தரேன்" என்று வந்தான்.

அவன் கொடுத்தது நல்ல தேக்கு. ஓரத்தில் கீல் அடித்த ஓட்டைகள் இருந்தன. ஒரு பலகையில் பேனாவால் இஞ்ச் கோடுகள். ஏதோ பழைய மேசை என்று நினைத்து ஓட்டைகளை அடைத்தாள், கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாள். பலகைகளை அளவுக்கு அறுத்து, சூடு வெளியேற இடைவெளி விட்டுப் பெட்டியில் திருகிப் பாலிஷ் போட்டாள். அவளுக்கே பிடித்துப்போனது.

ஆட்டோவில் கொண்டுபோய் அவன் வீட்டு ஹாலில், புதிதாக வாங்கிய நீள மேசைமேல் வைத்தாள். அவன் உடனே வீடியோ எடுக்கச் செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

"எங்க தாத்தா காலத்துத் தேக்கு. நானே அறுத்து, நானே இழைச்சது."

ஷஹனாஸ் கேட்காததுபோல வயர்களை எடுக்கக் குனிந்தாள். அப்போதுதான் மூலையில் தையல் மிஷின் கண்ணில் பட்டது. நியூஸ்பேப்பர் விரித்துத் தரையில் வைத்திருந்தார்கள். ஊசிக்கடியில் பாதி தைத்த ஜாக்கெட். பக்கத்தில் மேல்பலகை இல்லாமல் வெறும் இரும்புக் கால் நின்றது.

அவனுக்குக் காபியும் ஷஹனாஸுக்குத் தண்ணீரும் கொண்டுவந்த அவன் மனைவி மலர்க்கொடி அவள் பார்வையைக் கவனித்துவிட்டாள்.

"லால்குடிக்கு வளைகாப்புக்குப் போயிருந்தேங்க்கா. வந்து பாத்தா இப்படி."

"அந்த இஞ்ச் கோடு..."

"நான் போட்டதுதான். துணி அளக்க."

ஷஹனாஸுக்குக் கை கூசியது. எவ்வளவு சிரத்தையாகத் தேய்த்தாள்.

ஜெயக்குமார் சிரித்தான். "ஜாக்கெட் தைக்கத் தேக்கு எதுக்கு மேடம்? பிளைவுட் வாங்கித் தரேன்னு சொல்லிட்டேன்." உதட்டில் காபி நுரையோடு பெட்டியைத் தடவினான். "தொட்டுப் பாருங்க, வயசுப்பொண்ணு கன்னம் மாதிரி இல்ல?"

  ஷஹனாஸ் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரை வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். "பலகையைக் கழட்டிடறேன்."

"வேணாங்க்கா," என்றாள் மலர்க்கொடி. "துண்டு துண்டா அறுத்தாச்சு. திரும்ப ஒட்டவா முடியும்? பெட்டியைக் கீழ இறக்கணும், ஒரு கை பிடிங்க."

இருவரும் இறக்கினார்கள். பிறகு மலர்க்கொடி மிஷினைத் தூக்கி அந்த நீள மேசைமேல் வைத்தாள்.

"ஏய், அது கம்ப்யூட்டருக்கு வாங்கினது," என்றான் ஜெயக்குமார்.

"தெரியும். மோட்டார் மாட்டிக்கிறேன், மிதிக்கிற கால் வேணாம்."

அவன் ஷஹனாஸைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்க மேடம்."

"கம்ப்யூட்டர் தரையிலயே இருக்கட்டும்," என்றாள் அவள். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மறுநாள் ஷஹனாஸின் செல்போனில் அவன் போட்ட வீடியோ வந்தது. கம்ப்யூட்டரை ஒரு ஸ்டூல்மேல் ஏற்றிவைத்து எடுத்திருந்தான். தாத்தா, தேக்கு, தன் கை என்று அதே பேச்சு. கீழே அவள் கடைப் பெயரையும் போட்டு நன்றி சொல்லியிருந்தான். அதே மாதிரி வேண்டுமென்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள்.

ஷஹனாஸ் அவனை பிளாக் செய்தாள். மத்தியானச் சோற்றைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி வைத்தாள்.