குளிர்ந்த மூலையில் நின்ற கோதுமை

1

ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டதால் இந்தக் கதையை எழுதுகிறேன். வாக்கியம் என்னுடையது.

தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிக் கையேடு எழுதித் தருவது என் பிழைப்பு. எட்டு வருடத்துக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்காக, வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைத்திருக்கும் 'ஃபைவ் எஸ்' முறையைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று எழுதினேன். பதினோராம் பக்கத்தில் இப்படி இருக்கும்: "வரிசை கலைந்திருந்தால் யாரும் சொல்லும்வரை காத்திருக்காதே, நீயே அடுக்கு. முன்பும் பின்பும் படம் எடு."

அதை மனப்பாடம் செய்த ஒரே மனுஷி அமலா. அந்தக் கம்பெனியில் ஆறு வருடம் லைனில் நின்றவள். இப்போது குன்றத்தூரில் என் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். தண்டலம் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த உதவியாளர்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக என்னிடம் வந்தாள். "சார், எங்க மேடத்துக்கு ஒரு லெட்டர் எழுதித் தரணும். நான் இன்னா பண்ணேன்னு நீங்க எழுதுங்க. எனுக்கு வாய் வரல."

நான் லெட்டர் எழுதவில்லை. பயந்துகொண்டு கதை எழுதினேன்.

2

முதல் தொடக்கம்: "வெயில் கொளுத்திய ஒரு மதியத்தில் அமலா…"

(அடித்துவிட்டேன். அன்று ஒரகடம் வரைக்கும் மழை. வெயில் இருந்தது ஓர் அறைக்குள் மட்டும்.)

இரண்டாவது தொடக்கம்: "தமிழ்நாட்டில் கோதுமையா என்று நீங்கள்…"

(கேட்கத்தான் செய்வீர்கள். பதில் சொல்லிவிடுகிறேன்.)

கோதுமை பூக்கும் நாட்களில் சூடு ஏறினால் மகரந்தம் செத்துவிடும். கதிர் வெளியே பார்க்க லட்சணமாக இருக்கும், உள்ளே பதர். வடக்கே இப்போது அந்தச் சூடு முன்கூட்டியே வந்துவிடுகிறது. சூட்டைத் தாங்கும் குணம் ஒரே மரபணுவின் கையில் இருந்தால் சுலபம். அது பல மரபணுக்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால் அமலாவின் மேடம், முனைவர் மதிவதனி, பழைய நாட்டுக் கோதுமை ஒன்றையும் நன்றாக விளையும் ரகம் ஒன்றையும் கலந்தார். அதில் பிறந்தவற்றை இருபத்து நான்கு குடும்பங்களாகப் பிரித்தார். குடும்பத்துக்கு நான்கு தொட்டி. பூக்கும் சமயம் பார்த்து, முப்பத்தாறு டிகிரி அறையில் ஐந்து நாள் வைத்தார். யார் தாங்குகிறார்கள் என்று பார்ப்பதுதான் சோதனை.

தொட்டிகளை எங்கே வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஏழாம் குடும்பத்துக்குப் பக்கத்தில் இருபது, அதற்குப் பக்கத்தில் மூன்று.

மேடம் கூட்டத்துக்காக டெல்லி போயிருந்தார். சூடு தொடங்கிய முதல் நாள், கல்லூரியில் பார்வையாளர்கள் வருவதாகச் சொன்னார்கள். அமலா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது குப்பை.

3

ஒன்று முதல் இருபத்து நான்கு வரை, தொண்ணூற்றாறு தொட்டிகளையும் வரிசையாக அடுக்கினாள். முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம். ஐந்தாம் நாள் வழக்கம்போல எல்லாவற்றையும் சாதாரண அறைக்கு மாற்றினாள். அதனால் மேடம் திரும்பி வந்தபோது அவள் அடுக்கிய வரிசை எங்கும் இல்லை, அவருக்குத் தெரியவும் இல்லை.

அறுவடையில் இருபத்து நான்காம் குடும்பம் மட்டும் கதிர் நிறைய மணி. மதிவதனி கண் கலங்கினாராம். ஒன்பது வருட உழைப்பு.

"பேப்பர்ல ஒம் பேரையும் போடறேன் அமலான்னாங்க சார். அப்பதான் பசங்களுக்குப் பாடம் எடுத்தாங்க. கதவாண்ட மூலைல காத்து வருது, அங்க மூணு டிகிரி கம்மி. அதுக்குத்தான் குலுக்கி வெக்கிறோம், எல்லாருக்கும் அதிர்ஷ்டம் சமமா போவட்டும்னு. ஒடனே போன எடுத்து அந்த ரெண்டாவது போட்டோவ பாத்தேன்."

இருபத்து நான்கு கடைசி எண். கடைசி நான்கு தொட்டி அந்த மூலையில்தான் நின்றன.

அந்தக் கோதுமை சூட்டைத் தாங்கியதா, சூடே படாமல் தப்பித்ததா? யாருக்கும் தெரியாது. வடக்கே விவசாயிகள் வயலில் பரிசோதிக்க அதன் விதைப் பொட்டலம் தயாராகிவிட்டது. இன்று நான்கு மணிக்குக் கூரியர் வரும்.

4

இன்று அமலா அரைநாள் லீவு போட்டு வந்து கதையைப் படித்தாள். நான் இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன்.

முடிவு அ: அமலா உண்மையைச் சொல்கிறாள். மதிவதனி அவளைக் கட்டிக்கொள்கிறார்.

"மேடம் யாரையும் கட்டிக்க மாட்டாங்க சார். மூஞ்சி செவந்து, வெளிய போன்னுவாங்க. ஜூன்ல என் கான்ட்ராக்ட் முடியுது, அதோட அவ்ளோதான்."

முடிவு ஆ: அமலா சொல்லவில்லை. வயலில் அந்தக் கோதுமை நிஜமாகவே சூட்டைத் தாங்குகிறது.

இதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "எனுக்காவ கோதுமைய பாஸ் பண்ணி வுட்டுட்டீங்களே. அது பதராப் போனா? வெதச்சவன் வூட்ல இன்னா துன்றது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று பிரிவும் திரும்பப் படித்தேன். அமலாவைக் கதவோரக் காற்றில் நிறுத்தி, சூடு படாமலே எழுதியிருக்கிறேன். இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது, அதுதான் காரணம்.

5

"லெட்டர் வேணாம் சார். போட்டோ போதும்." ஃபோனில் இரண்டு படங்களையும் எடுத்துவைத்தாள். கீழே தட்டினாள்: மேடம் இருபத்து நாலு அனுப்பாதீங்க. நான் அடுக்கி வெச்சிட்டேன். தெரியாம பண்ணிட்டேன். திரும்பக் குலுக்கி வெச்சுப் பாக்கலாம், தண்ணி நானே ஊத்தறேன்.

"குடு" என்று ஃபோனை வாங்கி நான் ஒரு வரி சேர்த்தேன்: அடுக்கச் சொல்லிப் புத்தகத்தில் எழுதியவன் நான். கீழே என் பெயரும் நம்பரும் போட்டேன்.

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாட்டிக்கினீங்க சார்."

மணி மூன்று ஐம்பது. மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். கட்டைவிரல், செய்தியை அனுப்பும் அந்தப் பச்சை அம்புக்குறிக்கு மேலே நிற்கிறது. அதை அழுத்தினாளா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் சொன்னால் நம்பாதீர்கள். நான் அவளுக்கு வேண்டியவன்.